இடது பின்கதவு

போன வாரம் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மஞ்சள் சுவர் வீடு ஒன்றின் முன்னால், கல்யாணப் போட்டோ எடுக்க ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மணப்பெண் ஏறப் போனதும் டிரைவர், "இந்தப் பக்கம் தொறக்காதும்மா, சுத்தி வாங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். இடது பின்கதவை உள்ளிருந்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை. அந்த வாசனையில் உட்கார்ந்துதான் நான் ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கினேன்.

எழுபதுகளில் அந்த ரகக் காரை விற்ற ஏஜென்சியில் நான் கிளார்க். காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கையெழுத்து அழகாக இருந்ததால் வேலை கொடுத்தார்கள். நல்ல கார், சும்மா சொல்லக்கூடாது. எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரே குறை அந்தக் கதவின் பூட்டு. பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும்.

மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். முதல் மாதம், புகார் என்ற இடத்தில் பூட்டின் கதையை விலாவாரியாக எழுதினேன். புதுப் பூட்டு வரவில்லை, எங்களுக்கு வர வேண்டிய கார்களில் பாதிதான் வந்தது. புகார் வரும் ஊருக்குக் காரைக் குறைத்துவிடுவார்களாம். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "வண்டி வரலன்னா நீயும் நானும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். ஒண்ணுமில்லன்னு எழுதுப்பா." எழுதினேன், சுழியெல்லாம் போட்டு. மற்ற ஊர்க்காரர்களும் அதையேதான் எழுதினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எங்களிடம் கார் வாங்கியவர்களில் ஒருவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தேர் மாதிரி ஓட்டிப்போவார். வாரம் தவறாமல் வந்து கேட்பார்.

"பூட்டுக்கு எழுதிப் போட்டியா தம்பி?"

"போட்டுட்டேன் முசே." ஐயா என்பதற்கு எங்கள் ஊர்ப் பிரெஞ்சு அது.

ஒரு மழைக்கால ஞாயிறு, பெரிய மார்க்கெட் திருப்பத்தில் கதவு திறந்துகொண்டது. அந்த அம்மா தெருவில் விழுந்து வலது கை முறிந்தது. மறுநாள் சொல்தா வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று எழுந்து நின்றேன். அவரோ, "நீ எத்தினி வாட்டி எழுதின, பாவம். அவனுங்க கண்டுக்கல பாரு" என்று என்னைத் தேற்றினார். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லவில்லை. அந்த மாதப் படிவத்திலும் ஒன்றுமில்லை என்றே எழுதினேன்.

பிறகு புது மாடல் என்று ஒன்று வந்தது. வட்ட விளக்கு சதுரமாகியிருந்தது, பூட்டு அதேதான். வேறு கம்பெனிக் கார் வந்ததும் ஜனங்கள் அதற்குப் போய்விட்டார்கள். புகாரே இல்லாத காரை மக்கள் ஏன் வாங்குவதில்லை என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியது. மேனேஜர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. ஏஜென்சி இருந்த இடத்தில் செல்போன் கடை. சொல்தாவும் போய்விட்டார், அந்த அம்மாவும் போய்விட்டார். சிலுவை போட அந்தக் கை கடைசிவரை அவர் நெற்றிக்கு எட்டவில்லை.

மணப்பெண் சுற்றி வந்து ஏறினாள். கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டச் சொன்னேன்.

"சார் மெக்கானிக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா. கிளார்க்கு."