கட்டிலுக்கு அடியில் ஒரு பிடி

மாத்திரை மயக்கம் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் வலி மாத்திரையை நிறுத்தி அன்றைக்கு நான்கு நாள் ஆகியிருந்தது. புத்தி தெளிவாக இருந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கண் காது மூக்கு வைக்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடம். ஆள் குடிவராத கட்டடங்களில், இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்த்தவன். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். எந்தச் சத்தமானாலும் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்பேன்.

போன வருடம் இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து நின்றார். சின்னப் பெண்தான், ஆனால் மிரட்டல் பெரியது.

"ஆறு வாரம் சார். குனியக் கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. புரண்டு படுக்கக் கூடாது. மல்லாக்கதான் படுக்கணும், ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி."

"மீறினா?"

"மூட்டு கழண்டுடும். மறுபடி கிழிக்கணும். அப்புறம் ஏணி ஏறுற வேலைய மறந்துடுங்க."

ஏணி ஏற முடியாத மெக்கானிக்குக் கம்பெனியில் யாரும் நாற்காலி போட்டு உட்கார வைக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் வெட்டிப் போட்ட மரம் மாதிரி கிடந்தேன்.

படுக்க ஒரு இரும்புக் கட்டில், வாடகைக்கு எடுத்தது. மெத்தைக்குக் கீழே முழுக்கத் தகடு. கீழே விழுந்ததை எடுக்க ஒரு நீளக் கம்பி. ஒரு முனையில் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி, மறுமுனையில் இடுக்கி. அழுத்தினால் கவ்வும். அதற்கு என் மனைவி 'கொக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் ஒன்றேகால் மணிக்கு ரொட்டிக் கம்பெனி வேலைக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவாள். அதுவரை நான், கட்டில், கொக்கு.

பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில்.

ஆபரேஷன் முடிந்து பதினாறாவது நாள். செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 2.10.

டக்... டக்... டக்...

கீழ் வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். தூக்கம் கெட்ட எரிச்சலில், "மெதுவா அடிங்கப்பா!" என்று கத்தினேன். சட்டென்று நின்றுவிட்டது.

புதன்கிழமை. அதே 2.10. அதே மூன்று தட்டு. இந்தத் தடவை முதுகில் அதிர்வு தெரிந்தது. மறுபடி கத்தினேன். மறுபடி நின்றது.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன்.

"கீழ் வீடா? அது பூட்டி ஒரு மாசம் ஆச்சுங்க."

"அப்ப கட்டிலுக்கு அடியில பாரு. ஏதாவது ஆடுதா?"

குனிந்து பார்த்தாள். எனக்குத்தான் பார்க்க வழியில்லை.

"ஒண்ணும் இல்ல. ஆனா..."

"என்ன ஆனா?"

"கட்டில் வந்ததுல இருந்து நான் அடியில பெருக்கவே இல்ல. சுத்தியும் தூசி கெடக்கு. நடுவுல மட்டும் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. ஒரு ஆள் நீளத்துக்கு."

பூனையாக இருக்கும் என்றேன். எங்கள் தெருவில் பூனை கிடையாது.

வியாழக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் 2.09. போன் மெத்தையிலிருந்து சறுக்கி வலது பக்கம் விழுந்தது. கொக்கு அந்தப் பக்கச் சட்டத்தில்தான் எப்போதும் தொங்கும். திரும்பிப் பார்க்க முடியாது. மல்லாந்தபடியே வலது கையைக் கீழே விட்டுக் கொக்கைத் துழாவினேன்.

2.10.

டக்... டக்... டக்...

என் முதுகுக்கு நேர் கீழே.

நான் கத்தவில்லை.

கையை எடுக்க நினைத்தேன். அதற்குள் பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. யாரோ பார்த்துப் பார்த்து வைத்தது போல.

பழக்கதோஷம். பிடித்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் இல்லை... துணி. சுற்றிச் சுற்றிக் கட்டிய துணி. ஈரமாக இருந்தது.

அது இழுத்தது.

உடம்பு வலப்பக்கம் சரிந்தது. கால் நடுவே இருந்த தலையணை நழுவியது. இடது கால் வலது காலின் மேல் வரப் பார்த்தது...

இடுப்புக்குள் ஏதோ நகர்ந்தது.

கழண்டுடும்... கழண்டுடும்...

விட்டுவிட்டேன்.

கீழே 'டக்'.

ஒன்றே ஒன்று.

பிறகு ஒரு மூச்சு. நீளமாக.

அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு மனைவி வந்தபோது நான் வேர்வையில் குளித்திருந்தேன். கொக்கு எங்கே என்று கேட்டேன். "சமையல் கட்டுலதான் இருக்கு. காலையில டப்பா எடுக்க நான்தான் கொண்டு போனேன், மறந்துட்டேன்" என்றாள். சிவப்புப் பிடி. துணி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டில் கடைக்காரரை வரச் சொன்னேன். கழற்றிக்கொண்டிருந்தவரிடம், முன்னால் இதில் யார் படுத்திருந்தார் என்று கேட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"யார் சார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"ஒரு டீச்சரம்மா. தனி ஆளு. உங்கள மாதிரியே இடுப்பு ஆபரேஷன். எதையோ எடுக்கக் குனிஞ்சிருக்காங்க, மூட்டு கழண்டு விழுந்து, கட்டிலுக்கு அடியில போய் மாட்டிக்கிட்டாங்க. அந்த எடுக்குற கம்பி கையில இருந்திருக்கு. அதால தகட்டத் தட்டிட்டே கெடந்திருக்காங்க, பாவம்."

"யாருக்கும் கேக்கலயா?"

"கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கு. ஆணி அடிக்கிறாங்கன்னு நெனச்சு, மெதுவா அடிங்கன்னு கத்தியிருக்காங்க. சத்தம் நின்னுடுச்சாம். மூணாம் நாள் நான் வாடகை வாங்கப் போனப்பதான் கதவ ஒடச்சோம்."

அந்தக் கம்பி எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"வழுக்குதுன்னு பிடியில துணி சுத்தி வெச்சிருந்தாங்க. கம்பியப் பிடிச்ச விரல பிரிக்கவே முடியல சார். அதோடயேதான் அடக்கம் பண்ணாங்க."

கட்டில் போய்விட்டது. எனக்கு மூட்டும் ஒட்டிவிட்டது, மறுபடி ஏணி ஏறுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

லிஃப்ட் குழிக்குள் இருந்து எத்தனையோ பேரைக் கை கொடுத்து மேலே தூக்கியிருக்கிறேன். மேலே நிற்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கீழே இழுக்கிற மாதிரிதான் இருக்கும்.

அந்த அம்மா என்னை இழுக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார்.

நான் கையை விட்டுவிட்டேன்.