ஜன்னலுக்கு வெளியே ஒரு வரிதாரர்

லண்டனில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு டாம் என்பவர் அங்கே வருவார். வீடு வீடாக நிலக்கரி மூட்டை சுமந்து போடுகிறவர். சோப்புக்குக்கூட கூப்பன் வேண்டிய காலம் இது. ஆனாலும் வாசலோரத் தொட்டியில் நூலகத்துச் சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரிப்பார். யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. முதல் நாள் அவர் உட்கார்ந்தபோது, என்னைக் கேட்காமலே என் உடம்பு அரைச் சாண் தள்ளி நகர்ந்தது. அவர் பதறிப்போய், "மன்னிக்க வேண்டும், கரி ஒட்டிவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை, குளிர்" என்று சொல்லிவிட்டேன். உடனே எழுந்து, கணப்புக்குப் பக்கத்திலிருந்த தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். நான் நகர்ந்தது கரிக்காக அல்ல, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் என்பதை அவரிடம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கம், கொள்ளிடத்துப் பாசன ஊர். சண்டைக் காலத்தில் அங்கே ஒரு வாசகசாலை வைத்தார்கள். பஞ்சாயத்து வசூலித்த வீட்டு வரியிலிருந்துதான் பத்திரிகைச் சந்தாவும் அலமாரியும் வந்தன. படித்த பிள்ளை என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். நாற்காலிகள் எங்கள் தெருக்காரர்களுக்கு. எங்கள் வயல்களில் வேலை செய்தவர்கள் வடக்கு ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிற்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து சண்டைச் செய்தியை உரக்கப் படிப்பேன். இது பெரிய தர்மம் என்று எனக்கு நினைப்பு. அவர்களுடைய குடிசைக்கும் வரி உண்டு, அதே வரியில்தான் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும் வாங்கியது என்பது ஒரு நாளும் என் மண்டையில் ஏறவில்லை.

அந்த மரத்தடியில் நின்றவர்களில் ஒருவர் மாரிமுத்து. பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லை வரை போனார். அவர் வீட்டுக்குப் போட்ட கடிதங்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தபால்காரர் அவர்கள் குடியிருந்த தெருவுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் வைத்துவிட்டுப் போவார். மாரிமுத்துவின் அம்மாவை வரச்சொல்லி நான் படித்துக் காட்டுவேன். முதலில் யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. பிறகு கோணல்மாணலாக அவருடைய கையெழுத்தே வந்தது. கடைசிக் கடிதங்கள் என் கையெழுத்தைவிட அழகாக இருந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சண்டை முடிந்து திரும்பியவர், வேப்பமரத்தடியில் நிற்காமல் வாசகசாலை வாசலுக்கே வந்தார். என் அப்பாவை வயலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார்கள். இவரோ பட்டாளத்துப் பழக்கத்தில் என்னை 'சார்' என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"சார், அந்த இங்கிலீஷ் அகராதிய ஒரு வாரத்துக்குக் குடுங்க. வூட்ல வச்சுப் பாத்துட்டு அப்புடியே கொண்டாந்து குடுத்துடுறேன்."

"சும்மா தூக்கிக் குடுத்துட முடியுமா? வரி கட்டுறவங்க யாராச்சும் ஜாமீன் கையெழுத்துப் போடணும்டா."

விதி உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் யாரிடமும் அதுவரை நான் ஜாமீன் கேட்டதில்லை. மறுநாள் அவர் ஒரு தாளை வாசற்படியில் நின்றபடியே நீட்டினார். அவர் குடிசைக்குக் கட்டிய வரி ரசீது.

"நானே வரி கட்டிருக்கேன் சார். எனக்கு நானே ஜாமீன் போட்டுக்கக் கூடாதுங்களா?"

"கமிட்டியில கேட்டுச் சொல்றேன், போ" என்று ரசீதை வாங்கி, அவர் கேட்ட அகராதிக்குள்ளேயே செருகி வைத்தேன். கமிட்டி என்பது நானும் என் சித்தப்பாவும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும்தான். நான் யாரையும் கேட்கவில்லை. மாரிமுத்து மூன்று தரம் வந்து விசாரித்தார். நாலாவது தரம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அடுத்த வருஷம் அரியலூரில் ரயிலேறி, சீமைக்கு வந்துவிட்டேன்.

இதெல்லாம் மறந்தே போயிருக்கும். போன மாதம் இந்த நூலகத்தில் ஒரு விவாதக் கூட்டம் வைத்தார்கள். உலக நாடுகள் சேர்ந்து அமைத்த சபை, ஒவ்வொரு நாட்டு வரியிலிருந்தும் ஒரு பங்கை வாங்கி, எல்லா நாட்டுக்கும் பொதுவாக நூலகங்களை நடத்தலாமா என்பது விஷயம். நூலகர் மிஸ் பார்க்கர் என்னையும் பேசச் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுவந்த அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேச்சுத் தயாரித்தேன். அறிவுக்கு எல்லை ஏது, ஏழை நாட்டு உழவனுக்கும் புத்தகம் வேண்டாமா என்று வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். அப்புறம் டாம் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபம் இல்லை. ரொட்டிக்கே வரிசையில் நிற்கிறோம், இருந்தாலும் கொடுப்போம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் வரியில் உங்கள் ஊரில் நூலகம் நடந்தால், நான் அங்கே வந்தாலும் இதே மாதிரி உங்கள் பக்கத்தில் உட்காரலாம் அல்லவா?"

"தாராளமாக. முதல் நாற்காலியே உங்களுக்குத்தான்" என்றேன்.

அது பொய்யும் அல்ல. டாம் வந்தால் என் அப்பாவே எழுந்து நாற்காலி போடுவார். கடல் தாண்டி ஒரு காசு கொடுத்தவருக்கு முதல் நாற்காலி. உள்ளூரிலேயே வரி கட்டியவருக்கு வேப்பமரத்தடி. இதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. தலை குனிந்து நின்றதை அடக்கம் என்று நினைத்து இன்னொரு முறை கை தட்டினார்கள். தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். காது மடல் எரிய எரிய நானும் தூக்கினேன்.

பதற்றத்தில் அகராதியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மிஸ் பார்க்கர் எடுத்துக் கொடுத்தார். "உள்ளே இருந்த தாளை அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இருக்கும் வட்ட முத்திரை உங்கள் குடும்ப முத்திரையா?" என்றார். அது எங்கள் வாசகசாலை முத்திரை. மாரிமுத்து ஒரு வாரத்துக்குக் கேட்டபோது திரும்பி வராது என்று நான் பயந்த புத்தகம். யாரிடமும் கேட்காமல், ஜாமீனும் இல்லாமல், அதை நானே கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே அவருடைய ரசீது.

"என்னுடையது இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியது" என்றேன். எத்தனை நாள் தாமதம் என்று அவர் சிரித்தார். இரண்டு வருஷம் என்றதும் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உலகப் பணத்தில் நூலகம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வரட்டும், நிறைய வரட்டும். ஆனால் பணம் எந்தச் சீமையிலிருந்து வந்தாலும் சாவி என்னைப் போன்ற ஒரு காரியதரிசி இடுப்பில்தான் தொங்கும். அதை அந்தச் சபை யோசித்ததா என்று தெரியவில்லை.

அகராதியை வாசகசாலைக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். ரசீதுக்குத்தான் வழி தெரியவில்லை. உறையில் மாரிமுத்து என்று எழுதி, அவர் தெருவையும் எழுதினேன். அந்தத் தெருவுக்குப் போகிற கடிதம் எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில்தான் போய் உட்காரும். அப்பா பிரித்துப் பார்ப்பார், கிழித்துப் போடுவார். உறை இன்னும் என் மேஜையில் கிடக்கிறது.

நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை எங்கள் வாசகசாலைக்கும் வருகிறது. நான் விட்டுவந்த இடத்தில் இப்போது யாரோ உட்கார்ந்து, வேப்பமரத்தடிக்குக் கேட்கும்படி இதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, பத்திரிகையை மாரிமுத்துவின் கையில் கொடுங்கள். மிச்சத்தை அவரே படித்துக்கொள்வார்.

மாரிமுத்து, உங்கள் ரசீது லண்டனில் என்னிடம் இருக்கிறது. எந்த வாசலுக்கு அனுப்பட்டும்?