அரையிறுதியில் கூடைக்காரி

மைதானத்தில் அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயதுவரை அவள் எதற்காகவும் ஓடி யாரும் பார்த்ததில்லை. பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ். மழை வந்தால் நனைந்துகொண்டே அதே நடை. ஒருமுறை அவள் வேலை பார்க்கும் மைதானத்துச் சலவை அறையில் இஸ்திரிப் பெட்டி புகைந்து எல்லோரும் வெளியே பாய்ந்தபோது, அவள் மட்டும் கையிலிருந்த துண்டை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். இதை அவளுடைய நாத்தனார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுவாள். நாத்தனாருக்கும் அதே சலவை அறையில்தான் வேலை. வீட்டில் ஒரே சமையலறை, வேலையில் ஒரே இஸ்திரி மேசை. பத்தொன்பது வருடமாக இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள்; வெளியாள் ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மட்டும் சேர்ந்துகொள்வார்கள்.

சாதாரண நாட்களில் பனியன், துண்டு, மேசைவிரிப்பு. பெரிய போட்டி வந்தால் நிதானத்துக்கு இன்னொரு வேலையும் சேரும்: கூடை. பெண்கள் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொருத்தியும் ஓட்ட உடைக்கு மேல் போட்டிருக்கும் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றித் தன் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போடுவாள். துப்பாக்கி வெடித்ததும் எட்டுக் கூடைக்காரிகளும் எட்டுக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, வரிசையாக, சுரங்கப்பாதை வழியே மறுமுனைக்குப் போவார்கள். ஓட்டக்காரி பதினோரு விநாடியில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவளுடைய சட்டை பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேரும். நிதானத்துக்கு எப்போதும் ஐந்தாம் கோடு. வீசியெறிந்த துணியை அவள் போகிற வழியிலேயே மடித்துவிடுவாள். அப்படி ஒரு விதி இல்லை. கசங்கிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவளால் நடக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்த வருடம் உலகின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வரும் சர்வதேசப் போட்டி அவர்கள் மைதானத்தில் நடந்தது. இரண்டாம் நாள் காலை பெண்கள் நூறு மீட்டர் தகுதிச் சுற்று. பார்வையாளர்களை உள்ளே விடுவதற்கு முன் கடிகாரத்தைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். துப்பாக்கி, காலை ஊன்றிக் கிளம்பும் கட்டை, முடிவுக்கோட்டுக் கேமரா எல்லாம் ஒரே கம்பியில் பேசிக்கொள்கின்றனவா என்று தெரிய, எட்டு உடம்புகள் நிஜமாகவே ஓட வேண்டும். அதற்கென்று வரவேண்டிய கல்லூரிப் பெண்களின் பஸ் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கடிகாரக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். எட்டுக் கூடைக்காரிகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஓடணுமா?" என்றாள் நிதானம்.

"நடந்தாக்கூடப் போதும்கா. கேமராவுக்கு முன்னாடி ஆள் போகணும், அவ்வளவுதான்."

அவர் எட்டுப் பேரின் பெயரையும் கம்ப்யூட்டரில் தட்டினார். நாடு என்ற கட்டம் காலியாக இருந்தால் அது ஒத்துக்கொள்ளவில்லை. மைதானத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்தைப் போட்டார். அதை நாடு என்று ஏற்றுக்கொண்டது. நிஜ ஓட்டங்கள் ஆறு இருந்ததால் இதற்கு ஏழாவது என்று எண் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான் செய்வார். முடிந்ததும் அழித்துவிடுவார்.

துப்பாக்கி வெடித்தது. பத்தொன்பது வருடமாகக் கேட்ட சத்தம்தான். ஆனால் தனக்காக வெடித்தது இதுதான் முதல் தடவை. நிதானத்தின் கால்கள் அவளைக் கேட்காமலே கிளம்பிவிட்டன. நாற்பதாவது மீட்டரில் இரண்டாம் கோட்டுக்காரியின் செருப்பு கழன்று பறந்து ஏழாம் கோட்டில் விழ, மற்ற ஏழு பேரும் அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றுவிட்டார்கள். நிதானம் திரும்பவில்லை. ஓடுகிறவர்கள் பக்கத்தில் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். முப்பத்தொன்று புள்ளி நாலு இரண்டு விநாடி. முதலிடம்.

அழிக்கும் பொத்தானைக் கடிகாரக்காரர் தேடும்போது அவருடைய போன் அடித்தது. நீளம் தாண்டும் பக்கத்தில் ஏதோ கம்பி அறுந்துவிட்டதாம். அவர் ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் நிஜ ஓட்டங்கள் தொடங்கிவிட்டன.

மதியம் பட்டியல் வந்தது. அந்தப் போட்டியின் விதி எளிமையானது: அரையிறுதிக்கு இருபத்துநாலு பேர். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலாவதாக வந்தவர் நேரே போகலாம். மீதி இடங்கள் நேரக் கணக்கில். நடுவர் கையெழுத்துப் போட்டார், மேல்நடுவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியது. துண்டுகளைக் கொடுக்கப் போன நாத்தனார் அதைப் படித்துவிட்டு இஸ்திரி மேசைக்கு வந்தாள்.

"அண்ணி, நீங்க அரையிறுதிக்குப் போயிட்டீங்க."

"யாரோட துணி?"

"துணி இல்ல, நீங்க. சாயங்காலம் ஆறரைக்கு. எட்டாவது கோடு."

"போடி, வேலையப் பாரு."

ஆனாலும் போய்ப் பார்த்தாள். இருபத்துநாலாவது பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. மேலே, ஏழு ஓட்டங்களில் முதலிடம் பெற்ற ஏழு பேரில் ஒருத்தியாக அவள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே முதல் பெயருக்கு நேராக ஒரு சின்னத் தீவின் கொடி. பலகைக்கு அடியில், தரையில், அந்தத் தீவின் பெண் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஐந்தாம் கோட்டில் ஓடியவள். மெலிந்த, நீளக் கைகள். கூடையில் துணி மடித்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவள். இப்போது ஓடும் ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை எண்ணினாலும் ஓர் ஆள் அதிகமாக வந்தது. அந்த அதிகப்படி ஆள் தன் தலைக்கு மேல் கையில் துண்டோடு நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

"கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா கண்ணு தெரியல?" என்றாள் நிதானம். பிறகு, "இத இப்பவே சரி பண்ணணும். அந்தப் பொண்ணு ஓடணும்" என்று திரும்பி நடந்தாள்.

விதி அதிகாரியின் அறையில் கடிகாரக்காரர் ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது ஒத்திகை."

"ஒத்திகைன்னு எங்க எழுதியிருக்கு?" விதி அதிகாரி கத்தவில்லை. அவர் யாரிடமும் கத்தியதில்லை என்பதால்தான் எல்லோருக்கும் அவரிடம் பயம். "துப்பாக்கி வெடிச்சுதா?"

"வெடிச்சுது."

"எட்டுப் பேரும் கோட்டுல நின்னாங்களா?"

"நின்னாங்க சார்."

"அப்ப அது ஓட்டம்."

"முப்பத்தொரு விநாடி சார்!"

"மெதுவுதான். மெதுவா ஓடக் கூடாதுன்னு விதி இல்லையே. ஆட்சேபணை இருந்தா அரைமணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்."

நிதானம் முன்னால் வந்தாள். "நான் சாயங்காலம் வராம இருந்துட்டா?"

"கோடு காலியா இருக்கும். ஏழு பேர் ஓடுவாங்க."

"கீழ இருக்கற பொண்ணு?"

"ஊருக்குப் போவா." அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "நாலு மணிக்குள்ள நீங்க முறைப்படி விலகினா அவங்க உள்ள வரலாம். டாக்டர் சான்றிதழ் வேணும், உங்க அணி மேலாளர் கையெழுத்து வேணும், நீங்க நேர்ல வரணும். உங்க அணி மேலாளர் யாரு?"

கடிகாரக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் நாத்தனார்.

விதி அதிகாரி அவளுடைய ஏப்ரனைப் பார்த்தார், பட்டியலில் இருந்த மூன்று எழுத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். "உங்க அணியில வேற போட்டியாளர்கள்?"

"ஏழு பேர் சார். எல்லாரும் காலையிலேயே தோத்துட்டாங்க."

மருத்துவ அறைக்குப் போகும்போது மணி மூன்றேகால். டாக்டர் இளைஞர், நேர்மையானவர், அதுதான் சிக்கல். நாடி பிடித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல டாக்டர்."

நாத்தனார் அவள் இடுப்பைக் கிள்ளினாள். "வலிக்குதுன்னு சொல்லுங்க அண்ணி!"

"பொய் சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்டி. உனக்குத் தெரியாதா?"

"பிரமாதமா இருக்கீங்க" என்றார் டாக்டர். "தாராளமா ஓடலாம்."

மணி மூன்று முப்பத்தைந்து. வெளியே நடைபாதையில் தீவின் பெண்ணின் பெட்டி சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு போவது திறந்த கதவு வழியே தெரிந்தது. நிதானம் எட்டிப் பார்த்தாள். "ஏய், அவள நிறுத்துங்க!" என்று வாசலில் நின்ற காவலாளியிடம் சொன்னாள். அவர் கையை நீட்டித் தடுத்தார். ஏன் என்று அவருக்கும் தெரியாது, தீவின் பெண்ணுக்கும் தெரியாது. அவள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர்" என்றாள் நாத்தனார், "இவங்க மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு 'அம்மா' போடுவாங்க. எங்க வீட்டுல பதினாலு படி. நான் எண்ணியிருக்கேன்."

டாக்டர் நிதானத்தின் வலது முட்டியை மடக்கினார். பழைய அலமாரிக் கதவு திறப்பதுபோல் சத்தம் வந்தது. அவர் இன்னொரு முறை மடக்கினார். பிறகு பேசாமல் அவளைப் படமெடுக்கும் இயந்திரத்துக்குக் கூட்டிப் போனார். திரையைப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"இந்த முட்டியோடவா ஓடுனீங்க? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் இப்படித்தான் சத்தம் வரும்னு நினைச்சேன்."

"இவ்வளவு தேய்மானத்தோட முதலிடம்..." என்றார் டாக்டர். அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "இவங்க பயிற்சியாளர் யாரு?"

"அதுவும் நான்தான்."

"உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நல்ல நல்ல ஓட்டக்காரங்க வாழ்க்கை வீணாப் போகுது!"

நாத்தனார் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சான்றிதழில் டாக்டர் விலாவாரியாக எழுதினார்: ஆறு மாதம் ஓடக்கூடாது, எடை தூக்கக்கூடாது, வேகமாக நடக்கவும் கூடாது. கையெழுத்தானபோது மூன்று ஐம்பத்திரண்டு. விதி அதிகாரியின் அறை மைதானத்தின் மறுகோடி. நிதானம் தன் வழக்கமான நடையில் கிளம்ப, டாக்டர் கத்தினார்: "அதெல்லாம் கூடாது! சக்கர நாற்காலி!"

சுரங்கப்பாதையில் நாத்தனார் தள்ளினாள். குண்டு எறிகிறவர்களைத் தாண்டி, கோலோடு போன ஒரு கோலூன்றித் தாண்டுபவரைக் குனியவைத்து, "வழி! வழி! அடிபட்ட ஆளு!" என்று கூவிக்கொண்டு தள்ளினாள்.

"மெதுவாப் போடி, விழுந்துடப் போறேன்!"

"விழுங்க. சான்றிதழ் இருக்குல்ல."

மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சேர்ந்தார்கள். நாத்தனார் அணி மேலாளர் கட்டத்தில் கையெழுத்துப் போட, விதி அதிகாரி சான்றிதழை முதல் எழுத்திலிருந்து படித்தார். கடிகாரக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நிமிட முள் நகரும்போது விதி அதிகாரி முத்திரை குத்தினார். எழுந்து நின்று நிதானத்துக்குக் கை கொடுத்தார்.

"வருத்தப்படறேன்மா. இந்த வயசுல இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது."

பட்டியலில் ஒரு பெயர் இறங்க, ஒரு பெயர் ஏறியது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் யாரோ ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவள் ஷூவைக் காலில் மாட்டுவதற்குள் மூன்று முறை கயிற்றைத் தப்பாகக் கட்டினாள்.

சாயங்காலம் நிதானத்தைக் கூடைப் பக்கம் யாரும் விடவில்லை. விலகிய போட்டியாளர்கள் உட்காரும் வரிசையில் நாற்காலியோடு நிறுத்தினார்கள். எட்டாவது கோட்டில் தீவின் பெண் ஓடினாள். ஆறாவதாக வந்தாள், இறுதிக்குப் போகவில்லை. ஆனால் பலகையில் நேரத்தைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு வேகமாக அவள் அதுவரை ஓடியதே இல்லையாம்.

மூச்சு வாங்குவது நிற்பதற்குள் அவள் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு ஐஸ் பை. நிதானத்தின் எதிரே மண்டியிட்டு, ஒரு ஓட்டக்காரி இன்னொரு ஓட்டக்காரிக்குச் செய்வதுபோல, அந்தப் பையை முட்டியில் வைத்துத் துணிப்பட்டையால் இறுகக் கட்டினாள். என்னமோ சொன்னாள்.

"உங்க இடத்துலதான் ஓடுனேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்க" என்றார் டாக்டர்.

நிதானம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். துப்பாக்கி, செருப்பு, மூன்று எழுத்து, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பெண்ணின் முகத்தில் வியர்வை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நிதானம் மடியிலிருந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

பெண் எழுந்து, இன்னும் ஏதோ சொல்லி, கை நீட்டினாள்.

"அடுத்த போட்டியில சந்திக்கலாமான்னு கேக்கறாங்க."

"சந்திக்கலாம்னு சொல்லுங்க டாக்டர்."

"அண்ணி!" என்றாள் பின்னாலிருந்து நாத்தனார். "மேலாளர்னு ஒருத்தி நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். என்னைக் கேக்காமலே வாக்கு கொடுக்கறீங்க?"