நான் படிக்காத பி.எஸ்சி. பாட்டனி

நீட்டில் நான் முதல் தடவை வாங்கிய மதிப்பெண்ணை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏதோ கெட்ட நோய் மாதிரி 'அது' என்பார்கள். 'அது' வந்த மூன்றாம் நாள் அம்மாவும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் ஒரு வருடம் தி.நகரில் கோச்சிங் போய், மறுபடி எழுதி, எப்படியாவது மெடிக்கல் சீட் வாங்க வேண்டும். ஆனால் இது மயிலாப்பூரில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. யாராவது கேட்டால் நான் காலேஜில் பி.எஸ்சி. பாட்டனி.

டாக்டர், ஆடிட்டர், புரொபசர் என்று தலை நிமிர்ந்து நடந்த குடும்பமாம். ஒரு பெண் ஒரு பரீட்சையில் சறுக்கினால் அந்த நிமிர்வு என்னவாகும் என்று நேரில் பார்த்தேன். அம்மா ரங்கநாதன் தெருவில் ஒரு நீல நாடாவும் பிளாஸ்டிக் உறையும் வாங்கி வந்து என் கழுத்தில் மாட்டினாள். உள்ளே காலேஜ் ஐ.டி. கார்டு கிடையாது.

"திருப்பிப் போட்டுக்கோ. யாரும் உத்துப் பாக்க மாட்டா" என்றாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கபாலி கோயிலுக்குப் போகிறவள் இப்படி ஒரு வேலையைக் கூச்சமே இல்லாமல் செய்தாள். அந்தக் காலி உறையோடு தினமும் லஸ் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அம்மாவை நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

கோச்சிங் சென்டரைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பாத்திரக்கடைக்கு மேலே ஒரு நீள ஹால், ஒழுகுகிற ஏ.சி., நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள். உயிரியல் எடுத்தவர் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "யோசிக்காதே. வரியை அப்படியே முழுங்கு." மனிதர் என்றைக்காவது எதையாவது யோசித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் விழுங்குவதில் நான் கெட்டிக்காரி. என்னைக் கவிழ்த்தது பிசிக்ஸ்.

என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் நேர்மாறு. பிசிக்ஸில் புலி, உயிரியலில் 'ஏன் சார்?' என்று எழுந்து நின்று திட்டு வாங்குவாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பாண்டி பஜார் அருகே துணிக்கடை. மதியம் சாப்பிட்டதும் மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு பிசிக்ஸ் கணக்கு சொல்லித் தருவாள். ஒரு நாள் கடையிலிருந்து நூல் சுற்றிய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். அடிப்பக்கமாக வரும் நூலைப் பிடித்து இழுத்தால் கட்டை எந்தப் பக்கம் உருளும் என்று கேட்டாள். விலகிப் போகும் என்றேன். இழுத்தாள். கட்டை அவளை நோக்கியே உருண்டு வந்தது. ஏன் என்று எனக்கு விளங்கும்வரை, ஒரு வாரம், அவள் விடவில்லை.

நவராத்திரி வந்தது. கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அம்மா ரவிக்கைத் துண்டுகள் வாங்கியது அவர்கள் கடையில்தான் என்பது எனக்குத் தெரியாது. வாங்கிய கையோடு கடைக்கார அம்மாவையும் வெற்றிலை பாக்குக்கு அழைத்திருக்கிறாள். சுண்டல் தட்டோடு ஹாலுக்கு வந்தால், ஜமக்காளத்தில் அந்த அம்மாவும், அவர் பக்கத்தில் காலையில் என்னோடு டெஸ்ட் எழுதிய என் பெஞ்சுத் தோழியும்.

"இவ நீட்டுக்கு ரெண்டாந்தடவ படிக்கா. ஒரு தடவ போனா என்ன கெட்டுப்போச்சு?" என்றார் அந்த அம்மா, சத்தமாக, சுண்டலை மென்றுகொண்டே.

"த்சொ, பாவம்" என்றாள் என் அம்மா. "எங்காத்துல அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. இவ பி.எஸ்சி. பாட்டனி சேந்துட்டா."

தோழி என்னைப் பார்த்தாள். பிறகு பொம்மைகளைப் பார்த்தாள். மறுநாள் படிக்கட்டில், "என்ன பாட்டனி, சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மாவின் பொய்யைப் பரீட்சைவரை அவள்தான் காப்பாற்றினாள்.

மே மாதம் இருவரும் எழுதினோம். பிசிக்ஸில் அந்த நூல் கட்டைக் கணக்கே வந்திருந்தது. எனக்குச் சீட் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் ஏறியது. அவளுக்கு உயிரியல் கைவிட்டது.

தகவல் சொல்லாமல் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைசூர்பாகு டப்பாவோடு என்னையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினாள். துணிக்கடையில் தோழி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரவிக்கைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"காலேஜுக்கும் போயிண்டே எழுதினா. தனியா கோச்சிங்கூட இல்லை" என்றாள் அம்மா.

கடைக்கார அம்மாவின் முகம் மாறியது. கொலுவில் 'என்ன கெட்டுப்போச்சு' என்று சொன்ன அதே மனுஷி மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியாட்டி? அந்தப் புள்ள காலேசுக்கும் போயிக்கிட்டு பாஸாயிருக்கு. நீ வருசம் பூரா இதே வேலையா உக்காந்தும் ஒண்ணுமில்ல. போதும். இனிமே கடையப் பாரு."

நானும் கோச்சிங் போனவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு இன்னொரு வருடம் கிடைத்திருக்கும். அவளே சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை. ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"காலேஜ்ல நீ என்ன மேஜர்?"

எனக்காகத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல ஒரு வழி விட்டுக் காத்திருந்தாள். கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"பாட்டனி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்து மடித்தாள். வருடம் முழுக்க நான் கேவலமாக நினைத்த அம்மா, பக்கத்தில் வாயே திறக்காமல் நின்றிருந்தாள்.