மூன்று தடவை ‘சிங்க்’

எண்பதுகளின் கடைசியில், அப்பாவின் காரியம் முடிந்து சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்திலிருந்த அலுவலகத்துக்குத் திரும்பியபோது, எங்கள் கம்ப்யூட்டர்களில் டாஸ் என்ற பழைய இயங்குதளம் போய் யுனிக்ஸ் வந்திருந்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்திருந்தார். என்னைவிட இளையவர், சட்டைப்பையில் நான்கு பேனா. மெஷினை அணைக்குமுன் ‘சிங்க்’ என்று மூன்று தடவை தட்டுவார். மெஷின் நினைவில் வைத்திருப்பதை டிஸ்கில் எழுதவைக்கும் கட்டளை அது.

“ஒரு தடவை போதாதா?” என்று கேட்டேன்.

“போதும் லா, அண்ணே. ஆனா அது எழுதி முடிக்க நேரம் வேணும். சும்மா உட்காருங்கன்னா யாரும் உட்கார மாட்டாங்க. அதான் மத்த ரெண்டும்.”

நானும் மூன்று தடவை தட்டினேன். அதன் பிறகும் சுவிட்சுக்குக் கை போகவில்லை. அவர் மணி பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பா போனதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.