வழக்கில் இருந்த தோள்

அடுத்தவன் வீட்டைப் பார்த்து வயிறெரிகிறவன் உண்டு, மாட்டைப் பார்த்து எரிகிறவன் உண்டு. புன்னைச்சேரி அருணகிரிக்கு எரிந்தது ஒரு தோளைப் பார்த்து. அதுவும் அன்னியத் தோள் அல்ல. பெண்டாட்டி எல்லம்மாளின் சொந்தத் தம்பி உலகநாதனின் வலது தோள்.

சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் இடையில் செருகி வைத்தது போல ஓர் ஊர் புன்னைச்சேரி. அருணகிரி வாரத்தில் ஆறு நாள் சவுக்குக் கட்டை தூக்கி வண்டியில் ஏற்றுவான். திருநாள் வந்தால் பெருமாளைத் தூக்குவான். பேர் முருகன் பக்கம், தோள் பெருமாள் பக்கம் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள்.

பெருமாள் உட்கார்ந்து வர இரண்டு நீளத் தண்டுகளின் மேல் ஒரு பலகை. அதற்குத் தோளுக்கினியான் என்று பேர். எட்டுப் பேர் தூக்குவார்கள். முன்தண்டில் முதலாவதாக நிற்கிறவன் எப்படிக் கால் வைக்கிறானோ அப்படித்தான் மற்ற ஏழு பேரும் வைக்க வேண்டும். அவன் ஒய்யாரமாக ஆடினால் பெருமாளும் ஆடுவார். அவன் சோம்பினால் பெருமாளுக்கும் தூக்கம் வரும். அந்த முதல் இடம் பதினான்கு வருஷமாக அருணகிரியுடையது. வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது. மற்ற ஆம்பிளைகள் மீசையைத் தடவுவார்கள், இவன் அதைத் தடவிக்கொள்வான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், பட்டப்பகலில், திருக்கழுக்குன்றம் ரோட்டில் கட்டை வண்டியோடு நடந்து போனான். எதிரே வந்த செங்கல்பட்டு பஸ், ரோட்டில் நின்ற எருமைக்கு மரியாதை கொடுத்து ஒரு வளைவு வளைந்தது. வண்டிக்கு மரியாதை கொடுக்க அதனிடம் மிச்சம் இல்லை. வண்டி சாய்ந்தது, மேலிருந்த கட்டை நேராக அருணகிரியின் வலது தோளைத் தேடி வந்து இறங்கியது. காறை எலும்பு முறிந்து நாற்பது நாள் மாவுக்கட்டு.

கட்டு அவிழ்ந்ததும் எல்லம்மாள் அவனைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். கொளவாய் ஏரிக் காற்று வருகிற ஒரு மாடியில் வக்கீல். ஆனால் வக்கீலுக்கு முன்னால் குமாஸ்தா ராமானுஜத்தைத் தாண்ட வேண்டும். நெற்றி நிறைய நாமம், காதில் பேனா.

“பஸ்ஸை இன்ஷூர் பண்ணாம ரோட்டுல விடப்படாதுன்னு சட்டம் இருக்குப்பா. பஸ் போய் யாரையாவது இடிச்சா கம்பெனிதான் தரணும்” என்றார் குமாஸ்தா.

“கேட்டா குடுத்துடுவானா சாமி?” என்றாள் எல்லம்மாள்.

“கேட்டவாளுக்கெல்லாம் குடுக்க அது என்ன சுண்டலா? ரெண்டு விஷயம் நிரூபிக்கணும். ஒண்ணு, தப்பு டிரைவர் மேலே. அதுக்கு வண்டிக்காரன் சாட்சி இருக்கான், வண்டியும் இடது ஓரமாத்தான் போயிருக்கு. ரெண்டாவதுதான் கஷ்டம். இவனுக்கு என்ன போச்சு? எலும்புக்கு வெலை கிடையாது. அந்தத் தோளை வச்சு முன்னே எதைச் செஞ்சான், இப்போ எதைச் செய்ய முடியலை? அந்த முடியாததுக்குத்தான் பணம்.”

அருணகிரிக்கு இது புதுசாக இருந்தது. அதுவரை அவன் முடிந்ததற்கு மட்டுமே கூலி வாங்கியவன்.

குமாஸ்தா பிராதை எழுதி உரக்கப் படித்தார். “வாதியானவர் இனி எவ்விதப் பாரத்தையும் வலது தோளில் தாங்கச் சக்தியற்றவராகிவிட்டார்.” படித்துவிட்டு விரலை நீட்டினார். “கேஸ் முடியற வரைக்கும் ஒரு சுள்ளி கூடத் தூக்கப்படாது. கம்பெனி ஆள் எந்த மரத்துக்குப் பின்னாலேர்ந்து பார்ப்பான்னு தெரியாது. பார்த்தான்னா கேஸ் போச்சு.”

“சாமி தூக்கலாமில்ல?” என்றான் அருணகிரி.

“எந்தச் சாமி?”

“எங்கூரு பெருமாளு. அவுரு பாரம் இல்லியே. பேரே தோளுக்கினியான்தான?”

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். “கோர்ட்டுக்குப் பெருமாளும் பாரம்தான்ப்பா” என்று சொல்லிவிட்டு, அவசரமாக இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

கேஸ் ஜெயித்தால் ஒரு ஜோடி மாடும் சொந்த வண்டியும் வாங்கலாம், பிறகு பிறத்தியான் கட்டையைத் தோளில் சுமக்க வேண்டாம். இது எல்லம்மாளின் கணக்கு. அதனால் தினம் காலையில் பழைய புடவைத் துண்டால் அவன் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிவிடுவாள். தெருக்கூத்துக்கு வேஷம் கட்டுகிற மாதிரிதான் அவனுக்கு இருந்தது. ஏனென்றால் தை பிறந்தபோது வலி சுத்தமாக நின்றுவிட்டது. தோள் சரியாகிவிட்டது, நாம் ஊரையும் கோர்ட்டையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவன் முழுசாக நம்பினான். தூக்கிப் பார்த்தானா என்றால், இல்லை. குமாஸ்தா கூடாது என்று சொல்லியிருந்தாரே.

இதற்குள் முன்தண்டில் முதல் இடம் உலகநாதனுக்குப் போயிருந்தது.

வைகுண்ட ஏகாதசிக்கு அவன்தான் நின்றான். பொங்கலுக்கும் அவன்தான். அருணகிரி கழுத்தில் கட்டிய கையோடு கூட்டத்தில் நின்று அவன் காலையே பார்த்தான். தடுக்குமா? தடுக்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் மச்சான் குளிக்கும்போது பார்த்தான். உலகநாதன் தோளில் நெல்லிக்காய் அளவுக்குப் புதுசாக ஒரு காய்ப்பு முளைத்திருந்தது. அருணகிரி தன் தோளைத் தடவிப் பார்த்தான். எலுமிச்சம்பழம் வற்றிச் சுண்டைக்காய் ஆகியிருந்தது.

“உன் தம்பி தோள்ல இன்னாமோ கட்டி கீது. வைத்தியர் கைல காட்டச் சொல்லு” என்றான் பெண்டாட்டியிடம்.

“அது கட்டி இல்ல, காய்ப்பு.”

“அத்தினி சீக்கிரமாவா காய்க்கும்? எனுக்கு நாலு வருசம் ஆச்சு.”

“வயித்தெரிச்சல் புடிச்ச மனுசா, அவன் உன் எடத்த காவல் காத்துகினு கீறான். அத்த நெனச்சியா?”

“காவல் காக்கறவன் நாற்காலிய போட்டு ஒக்காருவானா?” என்றான் அருணகிரி.

மாசி மகத்தன்று காலையில் பெருமாள் கடலாடப் புறப்படுகிற நேரத்துக்கு, மெட்ராஸிலிருந்து ராஜாராம் என்ற இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். மாமல்லபுரத்துச் சிற்பம் பார்க்க வந்தவர் மாதிரி நடித்தார். ஆனால் சிற்பம் பார்க்க வருகிறவன் தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அருணகிரி எப்படிப்பா இருக்கான்?” என்று வரிசையாக விசாரிக்க மாட்டான். ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது. “அய்யோ, சோறுகூட பொண்டாட்டிதான் ஊட்டுது” என்றார் ஒருவர். “மூஞ்சில ஈ குந்துனா ஓட்ட ஆளு வெச்சிகீறான்” என்றார் இன்னொருவர். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எதையும் நம்பவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் பெருமாளுக்குப் பின்னால் நடந்தார்.

மணலில் பெருமாளைத் தூக்குவது மண்தரையில் தூக்குகிற மாதிரி இல்லை. கால் புதையும். முதல் ஆள் குதிகாலை அழுத்தாமல் விரலால் மணலைக் கிள்ளிக் கிள்ளி வைக்க வேண்டும். இது அருணகிரி கண்டுபிடித்த அடி. யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நாளைக்கு உலகநாதன் தடுமாறப் போகிறான், ஊர் பார்க்கப் போகிறது என்று முந்தின ராத்திரியெல்லாம் இனிப்பு தின்ற மாதிரி நினைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

உலகநாதன் விரலால் மணலைக் கிள்ளிக் கிள்ளி வைத்தான்.

திருடிவிட்டான்! பதினான்கு வருஷம் ஊர்வலத்துக்குப் பின்னால் நடந்து பார்த்தே திருடிவிட்டான். மேளக்காரர் குஷியாகி வேகம் கூட்ட, உலகநாதன் ஒய்யாரமாக இரண்டு அடி பக்கவாட்டில் ஆடினான். பெருமாளின் குடை குலுங்கியது. மாலை அலை மாதிரி புரண்டது. பக்கத்தில் நின்ற காசியம்மாள் கிழவி கையெடுத்துக் கும்பிட்டு, “அருணகிரிய வுட இவன் தூக்கறப்பதான் பெருமாளு மூஞ்சியில சிரிப்பு கீது” என்றாள்.

மாடு, வண்டி, கோர்ட்டு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கடலில் விழுந்தன. அருணகிரி கழுத்துத் துணியைப் பிய்த்து எறிந்தான். எல்லம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நுனிதான் அவள் கையில் மாட்டியது. அவன் தண்டுக்கு அடியில் போய் நின்றான்.

“வுடுடா மச்சான். என் எடம்.”

“மாமா, கேஸு கீது மாமா! அந்தாளு பின்னாலயே வந்துகினு கீறான்!”

“கேஸு பாரத்துக்குதான்டா. சாமி பாரமா? தள்ளு!”

உலகநாதன் தள்ளி நின்றான். தண்டு அருணகிரியின் வலது தோளில் உட்கார்ந்தது. முதல் அடி வைத்தான். இரண்டாவது அடி. காசியம்மாள் வாயை மூடிக்கொண்டாள், அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது அடிக்கு விரல் மணலைக் கிள்ளியபோது, தோளுக்குள் ஏதோ மெல்ல வழுக்கிப் போயிற்று. வலி அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் அவன் அறியாதது. பெருமாள் கனத்தார்.

முழங்கால் மடங்கியது. பலகை முன்பக்கம் சாய்ந்தது, பெண்கள் கோவிந்தா என்று அலறினார்கள். ஆனால் பெருமாள் விழவில்லை. உலகநாதன் இடத்தைத்தான் விட்டிருந்தான், தண்டை விடவில்லை. இரண்டு கையாலும் அடியில் முட்டுக் கொடுத்து நின்றவன், அருணகிரியின் தலைக்கு மேலாகத் தன் தோளைக் கொடுத்துத் தூக்கினான். மேளம் ஒரு மூச்சு நின்று மறுபடி தொடங்கியது. ஊர்வலம் கடலுக்குப் போயிற்று. அருணகிரி மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தான்.

அவனோடு எல்லம்மாளும் உட்கார்ந்து, பிய்த்து எறிந்த துணியால் அவன் கையை மறுபடி கழுத்தோடு கட்டினாள். இன்ஸ்பெக்டர் வந்து எதிரே ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தார்.

“ஏம்பா, இத்தனை நாளா நீ பொய் சொல்றேன்னு நினைச்சேன்” என்றார்.

“நானும் அப்டிதான் சார் நெனச்சிகினு இருந்தேன்” என்றான் அருணகிரி.

இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து ஒரு காகிதம் எடுத்தார். ராஜியாகப் போகலாம், கம்பெனிக்கு நானே எழுதுகிறேன், வக்கீலைக் கலந்துகொண்டு கையெழுத்துப் போடு என்றார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். “தோளுக்கினியான் என்னும் பாரத்தைத் தூக்க முயன்றபோது...”

“பாரம்னு எழுதாதீங்க சார்.”

“பாரம்னு எழுதினாத்தான்ப்பா பணம்.”

“வோணாம் சார். பெருமாள பாரம்னு சொல்லி வாங்கற துட்டு எனுக்கு வோணாம்.”

எல்லம்மாள் நெற்றியில் அறைந்துகொண்டாள். “யோவ், கண்ணால பாத்தேனே! மூணாவது அடிக்கு நீ எப்டி முழிச்சேன்னு பாத்தேனே! பாரமா இல்லியா, என் மூஞ்சிய பாத்து சொல்லு!”

அருணகிரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்த தோளுக்கினியானைப் பார்த்தான். அதன் அடியில் உலகநாதன், இடுப்பளவு அலையில், முகமெல்லாம் சிரிப்பாக.

“சாமி பாரமில்ல சார்” என்றான் கடைசியில். “என் தோளுதான் எனுக்கு பாரமாயிடுச்சு. அப்டி வேணா எழுதிக்கோங்க.”

இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதினார். ‘வாதியின் தோளே வாதிக்குப் பாரமாகிவிட்டது.’ மெட்ராஸ் ஆபீஸில் அந்த வரி யாருக்கும் விளங்கவில்லையாம். குமாஸ்தா ராமானுஜத்துக்கு மட்டும் விளங்கியது. ஆனாலும் பணம் வந்தது, மாடு வந்தது, வண்டியும் வந்தது.

அப்புறம் பொறாமை தீர்ந்து, மாமனும் மச்சானும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். எங்கே தீர்ந்தது? உலகநாதனுக்கு அக்கா வீட்டு மாடுகளைப் பார்த்து எரிந்தது. “நான் தூக்கறேன், அவுரு வண்டில போறாரு” என்று ஊரெல்லாம் சொன்னான். அருணகிரிக்கு அந்த நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆகிக்கொண்டிருந்ததைப் பார்த்து எரிந்தது.

ஆனாலும் அடுத்த மாசி மகத்துக்கு அவன் சும்மா நிற்கவில்லை. ஊர்வலம் நிற்கிற இடங்களில் தூக்குகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளத் தண்டுக்கு அடியில் ஒரு கவைக்கோல் முட்டுக் கொடுப்பார்கள். ஆயக்கால் என்று பேர். முன்தண்டின் ஆயக்காலை அருணகிரி இடது கையில் பிடித்துக்கொண்டு மச்சானுக்குப் பக்கத்திலேயே நடந்தான். மேளம் நின்றது. மற்ற முனைகளில் எல்லோரும் ஆயக்காலை வைத்தார்கள். அருணகிரி மட்டும் கோலில் ஒட்டிய மணலை ஒவ்வொரு துகளாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

“வெய்யி மாமா” என்றான் உலகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“இன்னாடா மச்சான், பாரமா கீதா?”

வியர்வை உலகநாதனின் மூக்கு நுனியில் தொங்கியது. “பாரமா? ஒண்ணும் தெரில.”

அருணகிரி இன்னும் ஒரு துகளைத் தட்டினான். பிறகு ஆயக்காலைத் தண்டுக்குக் கொடுத்தான். மச்சானின் தோள் மெல்ல இறங்கியது. கோல் வழியாகப் பெருமாளின் கனம் அருணகிரியின் இடது உள்ளங்கைக்கு வந்தது. மேளம் மறுபடி தொடங்கும் வரை அவன் அதை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான்.