பதினேழு வருடம் பிரிக்காத பெட்டி

ரெமிஜியஸ் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கட்டைவிரலால் தடவியே அதில் எங்கே குழி விழுந்திருக்கிறது, எங்கே பிசிறு நிற்கிறது என்று சொல்லிவிடுவான். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கிற ஒரு மோல்டிங் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. மிக்ஸி மூடி, ஸ்கூட்டர் விளக்குக் கூடு, வாட்டர் ஃபில்டர் குழாய், எல்லாம் அவன் விரலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, சாயங்காலம் திரும்பி வந்து கை கழுவியதும் மறுபடி பிளாஸ்டிக்கைத்தான் தொடுவான். அது கார் பிளாஸ்டிக்.

நிஜக் காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, நூறு நூற்றைம்பது துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் காராக்குவது வாங்கியவன் பாடு. அவன் சிநேகிதனான நான் வேலைக்காகக் கடல் தாண்டி நகோயா போன பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அவனுக்கு ஒரு பெட்டி கொண்டு வருவேன். நசுங்கிவிடுமோ என்று லக்கேஜில் போட மாட்டேன். விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொள்வேன்.

ரெமியிடம் ஒரு வழக்கம் இருந்தது. சுமாரான பெட்டிகளைப் பிரித்துக் கட்டுவான். நல்ல பெட்டி கிடைத்தால் மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடத் தொடாமல் பீரோ மேல் ஏற்றிவிடுவான்.

"இப்ப வேணாம் மேன். கை இன்னும் தேறட்டும். இந்த வண்டியக் கெடுத்துட்டா மறுபடி எங்க கிடைக்கும்?"

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் செய்வதுதான் இது. அப்படி அவன் ஏற்றியவற்றில் முதல் பெட்டி பதினேழு வருடத்துக்கு முன் நான் கொடுத்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ராலி பந்தயக் கார். கதவில் பதினான்காம் நம்பர். அதன் பிறகு இருபத்திரண்டு பெட்டிகள் அதன் பக்கத்தில் சேர்ந்தன. கீழே அலமாரியில் பழகுவதற்குக் கட்டிய கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் அவனுக்குக் கை தேறவில்லை.

போன ஜூலைக் கடைசியில் நான் லீவில் வந்தபோது டீ கொண்டு வந்து கொடுத்தான். சாஸரில் கப் கிடுகிடுவென்று தட்டியது. நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

"பயப்படாதே. அந்தப் பெரிய நடுக்க வியாதி இல்லையாம். சும்னே, சும்மா ஆடுது, அவ்ளோதான்."

"சும்னேன்னா?"

அவன் மனைவி பிலோமினா உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "சும்னே இல்லண்ணே. உசுருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா கொறையாது, போகப் போக ஜாஸ்திதான் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இவரு பாதிதான் சொல்லுவாரு."

அன்று இரவெல்லாம் எனக்குத்தான் தூக்கம் இல்லை. மறுநாள் போனபோது ரெமி ஸ்டூல் மேல் ஏறி அந்த ராலி கார் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"கை தேறட்டும்னு வச்சேன். அது தேறுற வழியாத் தெரியல. இனிமே நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது. ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கெழம நம்ம கார் கட்டுற ஆளுங்க கண்காட்சி. இந்த வண்டி மேசைல நிக்கணும்."

"டிரேவர் கிட்ட கொடுத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"என் வண்டிய நான் கட்டுவேன்."

டிரேவர் அவர்கள் குழுவில் கை தேர்ந்தவன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இரண்டு வாரம் கழித்துச் செய்தி கேட்டு வந்தான்.

"என்னா மேன், கடைசில தாளப் பிரிச்சிட்டியாமே? பெட்டிக்குக் கல்யாண வயசு வந்துடுச்சேன்னு நெனச்சேன்."

"வந்து உக்காரு. வாய்ல பெயிண்ட் அடிக்காத."

காரின் உடம்பை அதற்குள் ஒட்டியாகிவிட்டது. ஒட்டுகிற இடம் பெரிதாக இருந்ததால் கை ஆட்டம் அவ்வளவு தெரியவில்லை. சின்னத் துண்டுகளை மெழுகில் குத்தி நிறுத்தி ஒட்டினான். சிவப்பும் வெள்ளையும் ஸ்ப்ரே. அதுவும் முடிந்தது. மிச்சம் இருந்தது ஸ்டிக்கர்: பெட்டியோடு வந்த நம்பர், இரண்டு நிறத்துக்கும் நடுவே பக்கவாட்டில் ஓடும் கறுப்புக் கோடு. தண்ணீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கி வரும். அதைக் காரின் மேல் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

ரெமி கதவின் கோட்டை முதலில் நனைத்தான். அரை நிமிடம். தட்டில் பார்த்தால் கோடு பத்துப் பன்னிரண்டு துணுக்காக மிதந்தது. பழைய ஸ்டிக்கர் காய்ந்து போயிருந்தது. முதலில் மேலே ஒரு கை வார்னிஷ் அடித்திருந்தால் நின்றிருக்கும். அது அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவசரத்தில் விட்டுவிட்டான். மிச்சத் தாளுக்கு வார்னிஷ் அடித்தும் பார்த்தான். நம்பர் மட்டும் பிழைத்தது.

டிரேவர் கேலியை விட்டான். "ரெமி, கோடு கையாலதான் போடணும். ஒரு முடி கனம்தான் இருக்கணும். இந்தக் கையோட வேணாம். எங்கிட்ட குடு, நாளைக்குப் போட்டுக் கொண்டாரேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரியுமே."

அன்று மாலையே பிரஷ்ஷை எடுத்து இடது பக்கம் ஒரு கோடு போட்டுப் பார்த்தான். கோடு கதவு வரை போய், அங்கே எலி கடித்த மாதிரி ஆனது. துடைத்தால் கீழே இருக்கிற வெள்ளையும் போய்விடும். கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருந்தது. நான் எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவனோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வரும்போது பையில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் கட்டைகள் நாலைந்து இருந்தன. சமையலறை டிராயர் ஒன்று காணாமல் போனது.

"ஏங்க, கரண்டியெல்லாம் கட்டில் மேல கெடக்குது!"

"ரெண்டு வாரம் பொறுத்துக்கோ பிலோ. அந்த ரயில் வேணும்."

டிராயர் ஓடுகிற இரும்பு ரயிலைப் பலகையில் திருகியிருந்தான். அதன் மேல் ஒரு கட்டை, கட்டையின் மேல் கார். பக்கத்தில் ஒரு தாங்கி. அதன் வாயில் பிரஷ்ஷை இறுக்கியிருந்தான்.

"எங்க லைன்ல ஒரு மூடிய அளக்கணும்னா யாரும் கைல புடிச்சிக்கினு அளக்க மாட்டாங்க. அச்சுல உக்கார வச்சிட்டுத்தான் அளப்பாங்க. இருபத்தாறு வருஷமா அதத்தான் பண்றேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துட்டேன் பாரு. பிரஷ் நகரக் கூடாது மேன். கார்தான் நகரணும்."

"காரைத் தள்றது உன் கைதானே? அது ஆடுமே?"

"ஓடுற ரயிலுக்குள்ள நீ டான்ஸ் ஆடினா ரயில் தண்டவாளத்த விட்டு எறங்குமா?"

ஒன்பது நாள் பழைய கார்கள் மேல் கோடு போட்டான். அலமாரியில் இருந்த பழகுகிற கார்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து கறுப்புக் கோடு வாங்கிக்கொண்டு போயின. ஒரு நாள் பெயிண்ட் கெட்டி, ஒரு நாள் தண்ணி. ஒரு நாள் ரயிலில் எண்ணெய் போதாமல் நடுவில் நின்று கோட்டில் முடிச்சு விழுந்தது. "இன்னொண்ணு" என்பான். பிலோமினா கட்டிலிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு போவாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் மதியம் ராலி காரைக் கட்டையில் ஏற்றினான். வலது பக்கம். நான் மின்விசிறியை அணைத்தேன். அவன் கை கட்டையின் பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் பலகையில் கேட்டது. கார் மட்டும் நேராகப் போனது. பின் விளக்கிலிருந்து முன் விளக்கு வரை ஒரே கோடு. கார் பிரஷ்ஷைத் தாண்டிய பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

"இடது பக்கம்?" என்றேன். "அழிச்சிட்டு, வெள்ளையும் அடிச்சிட்டுப் போடலாமே, ராத்திரி இருக்கே."

"அது இருக்கட்டும். அது நான் போட்டது."

ஞாயிற்றுக்கிழமை மேசையில் முப்பது கார்கள் நின்றன. டிரேவர் குனிந்து வலது பக்கத்தை நெடுநேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அப்புறம் சுற்றி இடது பக்கம் வந்தான்.

"இங்க எலி பூந்துருக்கு மேன்."

"ஆமா. அடுத்த வண்டில பூராது."

"அடுத்ததா? அதுக்கு இன்னும் எத்தினி வருஷம்?"

பரிசு அறிவிக்கிற வரை ரெமி காத்திருக்கவில்லை. காரை மேசையிலேயே விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி மிச்சம் இருபத்திரண்டு பெட்டிகளையும் இறக்கிக் கட்டில் மேல் கரண்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கினான். பிளேடை எடுத்தான்.

அதில் சில பெட்டிகள் இப்போது எங்குமே கிடைக்காதவை. "டேய், ஒண்ணாவது அப்படியே இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்கு? இன்னொரு வாட்டி 'கை தேறட்டும்'னு சொல்றதுக்கா?"

கண்ணாடித்தாள் ஒவ்வொன்றாகக் கிழிந்தது. கை நடுங்கியதால் சில பெட்டிகளின் அட்டையிலும் பிளேடு இறங்கியது. அவன் நிறுத்தவில்லை. நான் குப்பைப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டியின் தாளை உள்ளே போட்டதும், முதலில் கிழித்த பெட்டியைத் திறந்து வார்னிஷ் டப்பாவைக் குலுக்க ஆரம்பித்தான். இந்த முறை ஸ்டிக்கர் தாளைத்தான் முதலில் வெளியே எடுத்திருந்தான்.